சரிவில் கிடந்த தட்டை

“பத்திரிகை எங்கே?” என்றாள் சந்திரிகா.

“இதுதானே பத்திரிகை.” ராஜகோபால் போனை மறுபடியும் மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார். மேலே இரண்டு வெள்ளைப் புறா, நடுவில் செல்லம்மாவின் மகள் ஜென்சியும் மாப்பிள்ளையும் நிற்கிற படம், கீழே சர்ச் பெயர், தேதி, நேரம். தொட்டால் பாட்டு வேறு வந்தது.

“இது போட்டோ. நான் கேட்டது பத்திரிகை.”

“இப்பல்லாம் எல்லாரும் இப்படித்தான் அனுப்பறாங்க சந்திரா.”

“எல்லாரும் அனுப்பட்டும். செல்லம்மா அனுப்பலாமா? அதுவும் அவ பொண்ணு போன்லேர்ந்து. ஒரு தட்டுல ரெண்டு பழம் வெச்சு எடுத்துட்டு வந்து, அக்கா வாங்க, மாமா வாங்கன்னு கூப்பிட அவளுக்கு நேரமில்ல.”

“நம்ம பொண்ணு விஷ்ணுப்ரியா கல்யாணத்துக்கு நீ எந்தத் தட்டுல வெச்சுக் கூப்பிட்டே? வரப்பு மேல நின்னுகிட்டு, ‘இந்தா செல்லம்மா, வந்துடு’ன்னு கையை நீட்டினே. அவதான் மேல ஏறி வந்து வாங்கிகிட்டா. நான் பக்கத்துலதானே நின்னேன்.”

“அது வேற.”

“என்ன வேற?”

சந்திரிகா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். வேற என்றால் வேறதான். அதைப் பிரித்துச் சொன்னால் காதுக்கு நன்றாக இருக்காது என்று அவளுக்கே தெரியும்.

வீடு சேலையூரில். நிலம் அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, அகரம்தென் போகிற வழியில், ஒரு கரட்டு மேட்டின் இடுப்பில் இருந்தது. ஒன்றேகால் ஏக்கர். சுற்றிலும் இருந்ததெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகி, வீட்டுக்கெல்லாம் காம்பவுண்டு சுவர் வந்துவிட்ட பிறகும் அது மட்டும் நிலமாகவே நின்றதற்கு ஒரே காரணம் ஊர் மாரியம்மன். ஆடியில் அம்மனுக்கு ஊற்றுகிற கூழுக்குக் கம்பு ராஜகோபால் வீட்டிலிருந்துதான் போக வேண்டும் என்பது முறை. கடையில் வாங்கிக் கொடுத்தால் ஆகாதா என்று இரண்டு தலைமுறையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேட்டுக்கொண்டே விதைத்தும் வந்தார்கள். ஆடியில் விதைப்பு, புரட்டாசிக் கடைசியில் அறுப்பு, அடுத்த ஆடிவரைக்கும் டிரம்மில் கம்பு.

நிலம் சமமானதல்ல. முறத்தைச் சாய்த்துப் பிடித்தாற்போல மேற்கே உயர்ந்து கிழக்கே இறங்கும். இறங்கி முடிகிற இடத்தில் செல்லம்மாவின் முப்பது சென்ட். அவள் புருஷன் இருந்தபோது வாங்கியது, அவன் போன பிறகும் அவள் விடாமல் வைத்துக்கொண்டது. பதினெட்டு பாத்தி. அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை. ஓரத்தில் ஒரு ஷீட்டு வீடு. விடிவதற்குள் கீரையைப் பறித்துக் கட்டி, ஷேர் ஆட்டோவில் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய், பத்து மணிக்கெல்லாம் திரும்பிவிடுவாள். அந்தக் கீரையில்தான் மகன் ஜெபின் கார் ஓட்டக் கற்றுக்கொண்டான், மகள் ஜென்சி நர்ஸுக்குப் படித்தாள்.

கம்பு அறுத்த மறுநாள் செல்லம்மா அரிவாளோடு மேலே ஏறி வருவது இருபத்தெட்டு வருஷத்து வழக்கம்.

“அக்கா, தட்டை எனக்குத்தான?”

“உனக்குத்தான். வேற யாருக்கு? மாட்டுக்குப் போடு.”

“தை வரிக்கும் இங்கியே காஞ்சிகினு கெடக்கட்டும்க்கா. அப்பால எடுத்துக்கறேன்.”

கதிர் போன தட்டையை முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டை விட்டு அறுப்பாள். அறுத்ததை அப்படி அப்படியே போட்டுவிட்டுப் போக மாட்டாள். இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புவரைக்கும் சரிவுக்குக் குறுக்கே, அடிக்கட்டையில் அண்டக்கொடுத்து, வரிசை வரிசையாகப் படுக்க வைப்பாள். நான்கு நாள் வேலை. காய வைப்பதற்கு இவ்வளவு ஒழுங்கா என்று சந்திரிகா ஒருதரம் சிரித்தாள். “கை பழக்கம்க்கா” என்று செல்லம்மாவும் சிரித்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் சந்திரிகா, “கீழ ஒரு பாவப்பட்ட பொம்பள. வருஷா வருஷம் மாட்டுத் தீனி நம்மகிட்டேர்ந்துதான்” என்று சொல்லிக்கொள்வாள்.

கல்யாணத்துக்கு அவர்கள் போகவில்லை. ராஜகோபால் சட்டையெல்லாம் தேய்த்து வைத்திருந்தார். அன்று காலையில் சந்திரிகாவுக்குத் தலைவலி வந்தது. பகலில் செல்லம்மாவிடமிருந்து இரண்டு முறை போன் வந்தது. அவள் எடுக்கவில்லை.

“எடுத்து ஒரு வாழ்த்தாவது சொல்லேன்.”

“போட்டோவுலதானே கூப்பிட்டா? நானும் ஒரு போட்டோ அனுப்பறேன். ரோஜாப்பூ படம்.”

அனுப்பவும் செய்தாள்.

கம்பு அறுப்பு முடிந்த சனிக்கிழமை சாயங்காலம் டிராக்டர்காரன் தினகரனுக்குப் போன் போட்டாள்.

“தினகரா, நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வண்டி எடுத்துட்டு வரியா?”

“நாளிக்கு ஞாயித்துக்கெழமக்கா. அவசரம் இன்னா? தட்டை வேற நின்னுகினு கீதே.”

“தட்டையை கோசாலைக்குக் குடுத்துட்டேன். அவங்க ஆளே வந்து அறுத்து ஏத்திக்குவாங்க. ஏத்தினதும் நீ ஓட்டி விட்டுடு. அடிக்கட்டையெல்லாம் பேர்ந்து வரணும். ஒரு துரும்பு இருக்கக் கூடாது.”

“செல்லம்மாக்காதான எடுத்துக்கும்?”

“அவ எடுத்தது போதும்.”

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரைக்கும் செல்லம்மா ஆராதனையில் இருப்பாள். அது சந்திரிகாவுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த நேரத்தைச் சொன்னாள். பிற்பாடு எத்தனையோ விதமாகத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தபோதும் இந்த ஒரு இடத்தில் மட்டும் அவளுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

கோசாலைக்காரர்கள் ஆறு பேர் வந்து, பத்து மணிக்குள் தட்டையை அறுத்து ஏற்றிவிட்டார்கள். தினகரன் வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு நிலத்தைப் பார்த்தான்.

“குறுக்கால ஓட்டட்டாக்கா, நெட்டுக்க வுடட்டா?”

“உனக்கு எது சவுகரியம்?”

“குறுக்கால ஓட்டுனா வண்டி ஒரு பக்கமா சாஞ்சிகினே போவும், பேஜாரு. நெட்டுக்க வுட்டா மேலேர்ந்து கீழ, கீழேர்ந்து மேல. ரெண்டு மணி நேரத்துல முடிச்சுடலாம்.”

“அப்படியே விடு. அவ வர்றதுக்குள்ள முடியணும்.”

“யாரு வர்றதுக்குள்ள?”

“வண்டிய எடுப்பா.”

மேலிருந்து கீழாகச் சால் விழுந்தது. தெற்கு ஓரத்தில் நான்கு பனைமரம் நின்ற இடத்தில் மட்டும் வண்டி திரும்பவில்லை. கோசாலைக்காரர்களும் வேனில் இடமில்லை என்று அங்கே அறுத்ததை அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பத்தடி அகலத்துக்கு, மேலிருந்து கீழ்வரைக்கும், அடிக்கட்டையும் தட்டையுமாக ஒரு பட்டை மிஞ்சியது.

“அத கையால வாரிடட்டாக்கா?”

“விட்டுத் தொலை. மணி பன்னண்டாகுது.”

வெள்ளைப் புடவையும் கையில் பைபிள் பையுமாகச் செல்லம்மா வந்தபோது டிராக்டர் போய்விட்டிருந்தது. கீழே நின்று நிலத்தை அண்ணாந்து பார்த்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சால் வழியே ஏறி வந்தாள்.

“இன்னாக்கா, எல்லாம் வாரிட்ட?”

“கோசாலைக்குக் கேட்டாங்க. பசுமாட்டுக்குன்னும்போது எப்படி மாட்டேங்கறது?”

“நல்லதுதான்.” செல்லம்மா காலால் மண்ணைக் கிளறிப் பார்த்தாள். “ஓட்டி வேற வுட்டுட்ட. நெட்டுக்க.”

“தினகரனுக்கு அதுதான் சவுகரியம்னான்.”

“அவன் டீசலுக்கு அது சவுகரியம்.”

சந்திரிகா காத்திருந்தாள். ஏங்க்கா எனக்கு இல்லாம பண்ணிட்ட என்று அவள் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்டால், பத்திரிகை வைக்கத் தெரியாதவளுக்குத் தட்டை மட்டும் கேட்கத் தெரியுதா என்று திருப்பிக் கேட்க வேண்டும். வாக்கியம் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது.

செல்லம்மா கேட்கவில்லை. “மாமாக்கு ஒடம்பு எப்பிடிக்கா கீது? கல்யாணத்துக்கு நீ வரலன்னதும் அவருக்குத்தான் முடியலயோன்னு நெனச்சிகினேன்” என்றாள்.

“அவருக்கென்ன. நல்லாத்தான் இருக்கார்.”

“சரிக்கா.”

இறங்கிப் போய்விட்டாள். தயாராக வைத்திருந்த வாக்கியத்தோடு சந்திரிகா வெயிலில் நின்றாள்.

ஐப்பசியில் மழை பேருக்குப் பெய்தது. கார்த்திகைப் பாதியில் கடலில் புயல் சின்னம் என்று டிவியில் சொல்லத் தொடங்கினார்கள். புயல் வருவதற்கு மூன்று நாள் முன்னால் செல்லம்மா போன் செய்தாள். இந்த முறை சந்திரிகா எடுத்தாள்.

“அக்கா, மழ கனமா வரும்ன்றாங்க.”

“எல்லா வருஷமும்தான் சொல்றாங்க.”

“உன் நெலத்துல குறுக்கால நாலு வரப்பு போட்டுக்கட்டாக்கா? நானே வெட்டிக்கறேன். ஜெபினையும் ஒரு நாள் லீவு போடச் சொல்லிக்கீறேன்.”

“எதுக்கு?”

“தண்ணி நின்னு வரும்.”

“வரப்பு போட்டா அப்புறம் உழும்போது கலைக்கணும். நான் வந்து பார்த்துட்டு சொல்றேன்.”

“எப்ப வர?”

“வர்றேன். உன் கல்யாண வேலையெல்லாம் ஓஞ்சுதா?”

“எல்லாம் ஆச்சுக்கா, ஆண்டவர் புண்ணியத்துல.”

“நல்லா நடந்ததுன்னு கேள்விப்பட்டேன். போட்டோவுல பார்த்தேன்.”

“நல்லா நடந்துச்சுக்கா. நீ எப்ப வர பாக்க? நாளிக்கா?”

குத்தல் அவளுக்குப் புரியவேயில்லை. அது சந்திரிகாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நாளைக்கு வருகிறேன் என்றாள். நாளைக்குப் போகவில்லை. மறுநாள் காலையில் புறப்படுவதற்குப் புடவைகூடக் கட்டினாள். அவளே நேரில் வந்து கேட்கட்டுமே, சேலையூர் என்ன சீமையிலா இருக்கிறது என்று தோன்றியது. புடவையோடு உட்கார்ந்து டிவி பார்த்தாள். அதற்கு மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

ஒன்றரை நாள் மழை. கரண்டு போனது, போனில் சிக்னல் போனது. கேம்ப் ரோடு பக்கம் இடுப்பளவு தண்ணீர் என்று பால்காரர் சொன்னார். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் படகு விட்டார்களாம்.

“செல்லம்மா என்ன ஆனாளோ” என்றார் ராஜகோபால்.

“மேட்டுல இருக்கறவ. அவளுக்கென்ன.”

“மேட்டுல இருக்கறது நீ. அவ பள்ளத்துல இருக்கா.”

மூன்றாம் நாள் காலையில் ஸ்கூட்டரை எடுத்தார்கள். செம்பாக்கம் தாண்டித் தண்ணீர் ரோட்டிலேயே ஓடியது. ஸ்கூட்டரை ஒரு மருந்துக் கடை வாசலில் விட்டுவிட்டு, ராஜகோபால் பேண்டை மடித்துவிட, அவள் புடவையைத் தூக்கிச் செருக, நடந்தே போனார்கள்.

முதலில் தன் நிலத்தைத்தான் பார்த்தாள். அடையாளமே தெரியவில்லை. தினகரன் மேலிருந்து கீழாக விட்ட ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்காலாகி இருந்தது. சில இடத்தில் முழங்கால் ஆழம். மேல்மண் என்று ஒன்றும் மிச்சமில்லை. அடியில் இருந்த சரளைக்கல் எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. இனிமேல் அம்மனுக்குக் கம்பு இதில் எப்படி முளைக்கும் என்று ராஜகோபால் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். சந்திரிகா கேட்கவில்லை. அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினெட்டு பாத்தி இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு மணல் திடல் கிடந்தது. மேலே இருந்து போன மண்ணெல்லாம், கல்லெல்லாம் அங்கேதான் இருந்தது. ஷீட்டு வீட்டின் மேற்குச் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. கிணற்றின் உறைவரைக்கும் சேறு.

தெற்கு ஓரத்தில் மட்டும் பச்சை தெரிந்தது. இரண்டே இரண்டு பாத்தி. சிறுகீரை. மழையில் அடிபட்டுத் தலை சாய்ந்திருந்ததே தவிர வேரோடு நின்றது.

சந்திரிகா அந்தப் பச்சையிலிருந்து கண்ணை மெதுவாக மேலே கொண்டுபோனாள். பாத்திக்கு நேர் மேலே வரப்பு. வரப்புக்கு மேலே நான்கு பனைமரம். பனைமரத்தை ஒட்டி, வண்டி திரும்பாமல் விட்டுப்போன பத்தடிப் பட்டை. அடிக்கட்டை நின்றது. தட்டை நனைந்து கறுத்து மண்ணோடு மண்ணாக ஒட்டிக் கிடந்தது. அதன் கீழே ஒரு கல்கூட வெளியே தெரியவில்லை. அதே சரிவு, அதே மழை.

“சந்திரா, ஏன் உட்கார்ந்துட்டே? மயக்கமா இருக்கா?”

“இல்ல.”

“பின்ன?”

“அவ காயப் போடலீங்க.”

“எதை?”

“தட்டையை. இத்தனை வருஷமும் அவ காயப் போடல.”

ராஜகோபால் அவளையும் நிலத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் கணக்கு எழுதினவர். பனையோரப் பட்டையை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, “ஆமா இல்ல” என்றார்.

செல்லம்மா கிணற்றுப் பக்கம் மண்வெட்டியால் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். முழங்கால்வரை சேறு.

“வாக்கா. வாங்க மாமா. ஒக்கார வெக்க ஒரு எடம் இல்ல.”

“எப்படி செல்லம்மா? நீ எங்கே இருந்தே மழையில?”

“சர்ச்சு ஹாலுக்குப் போயிட்டேன். தண்ணி எறங்கறப்ப சத்தம் ஒண்ணு வந்துச்சு பாரு, லாரியில ஜல்லி கொட்ற மாரி. அப்பவே கௌம்பிட்டேன்.”

“மண்ணை வாரிடலாம். நான் ஆள் விடறேன். பத்து ஆள் விட்டா ரெண்டு நாள்ல வாரிடலாம். நல்ல மண்ணு ரெண்டு லாரி கொண்டுவந்து கொட்டச் சொல்றேன்.”

செல்லம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். “லாரியில மண்ணு வரும்க்கா. இந்தப் பாத்திக்கு நான் எருவும் சருகும் சாம்பலுமா போட்டுகினு வந்தது இருவத்தெட்டு வருசம். அது எந்த லாரியில வரும்?”

சந்திரிகா கண்ணை மணல் திடல் பக்கம் திருப்பினாள்.

“ஜெபின் கூப்புடறான்” என்றாள் செல்லம்மா. “பெரும்பாக்கத்துல அவனுக்கு வூடு கீது. எட்டாவது மாடி. இனிமே இன்னாத்துக்கும்மா அங்க, வந்துடுன்றான். நான் ஒண்ணும் சொல்லல இன்னும்.”

“போகாத.”

“போவாம?”

“இங்கேயே இரு. நான் எல்லாம் சரி பண்ணித் தர்றேன்.”

செல்லம்மா அவளையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். கணக்குத் தப்பிய வாத்தியாரைப் பிள்ளை பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டா? கோசாலைக்குக் குடுக்கறதுன்னா எந்த நாளுன்னா குடுக்கலாம். ஏன் ஞாயித்துக்கெழம காலையில வெச்சிகின?”

ராஜகோபால் மெல்ல நழுவிக் கீரைப் பாத்திப் பக்கம் போனார். அவருக்கு இப்படிப்பட்ட நேரத்தில் நழுவத் தெரியும்.

“பத்திரிகை” என்றாள் சந்திரிகா.

“இன்னா பத்திரிகை?”

“ஜென்சி கல்யாணத்துக்கு. நீ நேர்ல வந்து வெச்சுக் கூப்பிடல. போன்ல வந்துது. எனக்கு அது... அதான்.”

செல்லம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவள் சிரிப்பாள் என்றோ அழுவாள் என்றோ சந்திரிகா பயந்தாள். இரண்டும் நடக்கவில்லை.

“ஜென்சி கேட்டாக்கா. அம்மா, மேட்டு நெலத்து அத்தைக்கு நேர்ல போயி குடுக்கணுமான்னு. நான்தான் சொன்னேன், நம்ம அக்காக்கு இன்னா பத்திரிகை, அவங்க நம்ம வூட்டு மனுசங்க, போன்ல போடு, தேதி தெரிஞ்சா போதும், வந்துடுவாங்கன்னு.”

தூரத்தில் யாரோ மோட்டார் போட்டு வீட்டுத் தண்ணீரை ரோட்டுக்கு இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

“நீ தட்டையை எதுக்குப் போட்டேன்னு எனக்குத் தெரியாது செல்லம்மா. சத்தியமா தெரியாது. மாட்டுக்குன்னுதான் நெனச்சேன்.”

“மாடு ஏதுக்கா எங்கிட்ட? அது செத்து ஆறு வருசம் ஆவுது.”

ஆறு வருஷம். ஆறு புரட்டாசி. ஒவ்வொரு தடவையும் மாட்டுக்குப் போடு என்று இவள் சொல்லியிருக்கிறாள். சரிக்கா என்று அவள் தலையாட்டியிருக்கிறாள். வீட்டுப் பக்கத்தில் மாடு கட்டுகிற முளை காலியாக நிற்பதை ஆறு வருஷமாக மேலே நின்று இவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள், கண்ணில் படவேயில்லை.

“அப்ப ஏன் சொல்லல? தண்ணிக்குத்தான் போடறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...”

“மொத வருசமே ஒரு மழையில பாத்துகினேன்க்கா, தட்டை கெடந்த எடத்துல தண்ணி ஓடாம நடந்து வருது, மண்ணு அங்கியே நின்னுடுதுன்னு. ஆனா உன் நெலத்துல இன்னா கெடக்கணும்னு நான் எப்பிடிச் சொல்றது? சொன்னா ஒனக்கு ஒரு மாரி இருக்கும். மாட்டுக்குன்னு கேட்டா குடுக்கற ஒனக்கும் சந்தோசம், வாங்கற எனக்கும் வேல முடிஞ்சிது.” மண்வெட்டியை மறுபடியும் கையில் எடுத்தாள். “தப்புதான். ஓட்டிவுட்ட அன்னிக்காவது வாயத் தொறந்து சொல்லிருக்கணும். போன்லகூட ஒயுங்கா சொல்லாம நின்னு வரும்னு இஸ்துகினு கெடந்தேன்.”

“உன் தப்பு இல்ல.”

“இல்லதான். ஆனா சொல்லிருக்கலாம்.”

அவள் சேற்றைத் தள்ளத் தொடங்கினாள். சந்திரிகா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, அங்கே கிடந்த இன்னொரு மண்வெட்டியை எடுத்தாள். பழக்கமில்லாத கை. கால் மணி நேரத்தில் உள்ளங்கை எரிந்தது. செல்லம்மா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போதும் என்றும் சொல்லவில்லை. திரும்பும்போது ராஜகோபால் கையில் ஒரு கட்டு சிறுகீரை இருந்தது. கொடுத்தனுப்பியது செல்லம்மாதான். கீரை நன்றாகத்தான் இருந்தது. கடைந்து வைத்ததைச் சந்திரிகா தொடவில்லை.

பொங்கல் கழிந்து ஜெபின் ஒரு சின்ன வேன் கொண்டுவந்தான். கட்டில், பீரோ, இரண்டு சிலுவைப்படம், கீரை கட்டுகிற வாழை நார் ஒரு பை. சந்திரிகா அன்று ஒன்பது மணிக்கே போய் நின்றாள். அழைக்காமல்தான் போனாள். இரு, போகாதே என்று இன்னொரு தரம் சொல்லத்தான் போனாள். அங்கே நின்ற பிறகு, அதுவும் தனக்காகக் கேட்பதுதான் என்று தெரிந்துவிட்டது. பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தை, நீங்க விடுங்க, கை நசுங்கிடப் போவுது” என்றான் ஜெபின்.

“பரவாயில்லப்பா.”

அடுத்த ஆடியில் கம்பு பாதிக்குப் பாதிதான் முளைத்தது. சரளையில் முளைத்த வரைக்கும் லாபம். புரட்டாசியில் கதிர் கொய்த மறுநாள், ராஜகோபாலும் அவளுமாக இறங்கினார்கள். ஒருநாள் வேலை செய்து ஒருநாள் படுத்து, ஒருநாள் வேலை செய்து ஒருநாள் படுத்து, பத்து நாள் ஆயிற்று. தினகரன் வழியில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தான்.

“இன்னாக்கா, தட்டையைத் தாலாட்டித் தூங்க வெக்கிறியா? கீழதான் யாரும் இல்லியே. யாருக்குப் போடற?”

“உன் வண்டியைப் பார்த்துட்டுப் போ.”

ஐப்பசி முதல் வாரத்தில் பகல் இரண்டு மணிக்கு நல்ல மழை பிடித்தது. சந்திரிகா குடையோடு நிலத்தில் நின்றிருந்தாள். தட்டை வரிசையில் தண்ணீர் வந்து முட்டி, தயங்கி, அகலமாகப் பரவி, இடுக்கு இடுக்காகக் கசிந்து அடுத்த வரிசைக்கு இறங்கியது. அங்கேயும் நின்றது. கீழே பாத்தி இருந்த இடத்தில் கோரையும் எருக்கும் மண்டிக் கிடந்தன. போனை எடுத்துப் புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

“சொல்லுக்கா. இன்னா சத்தம் அது, மழையா?”

“நிலத்துல நிக்கறேன். தட்டை போட்டிருக்கேன்.”

“யாரு போட்டது?”

“நாங்கதான்.”

அந்தப் பக்கம் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ குறைத்தார்கள்.

“தண்ணி எப்பிடி வருது?”

“மெதுவா வருது.”

“கலங்கலாவா, தெளிவாவா?”

சந்திரிகா குனிந்து பார்த்தாள். “மேல கொஞ்சம் கலங்கல். கீழ வரும்போது தெளிவா இருக்கு.”

“அப்ப சரியாத்தான் போட்டுக்கீற. அடிக்கட்டையில அண்டக்குடுத்து நெருக்கமா போட்டியா?”

“போட்டேன்.”

“ம்.”

“நீ ஒருதரம் வந்து பாரேன் செல்லம்மா. மாமாவை வண்டி எடுத்துட்டு வரச் சொல்றேன். நானே வந்து கூட்டிட்டு வர்றேன்.”

“முட்டிக்கு ஊசி போட்டுக்கீறேன்க்கா. டாக்டரு ஏறாத எறங்காதன்னுட்டாரு. ஜெபினுக்கு லீவு கெடைக்கட்டும், பாக்கலாம்.”

“பொங்கலுக்காவது?”

“பாக்கலாம்க்கா. நனையாத, வூட்டுக்குப் போ.”

“போறேன்.”

செல்லம்மா போனை வைத்துவிட்டாள். மழை இன்னும் வலுத்தது. வீட்டுக்குப் போ என்று சொல்லியிருந்தாள். சந்திரிகா போகவில்லை. கீழ் வரப்போரம் ஒரு இடத்தில் தட்டை விலகித் தண்ணீர் ஓட ஆரம்பித்திருந்தது. குடையை மடக்கி வைத்துவிட்டு, அதைச் சரிசெய்ய இறங்கினாள்.